நடுவரிசையில் நின்றவர்கள்

இராயபுரத்தில் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் நிலப்பரப்பு, சென்னை நகரின் உழைக்கும் கை எனத் தகும். தென்னகத்தின் முதல் இருப்புப்பாதை வண்டி 1856 ஜூலைத் திங்களில் புறப்பட்டது இராயபுரத்திலிருந்துதான். அதன் அருகே துறைமுகம் எழுந்தது. 1881ஆம் ஆண்டின் பெரும்புயல் அதன் சுவர்களைச் சிதைத்தது. பின்னர் அவை மீண்டும் கட்டப்பட்டன. விடுதலைக்குப் பிறகு 1955இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. எண்ணூரில் பார வண்டிகளும் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களும் உருவாகத் தொடங்கின. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூரில் அனல் மின் நிலையமும் அடுத்தடுத்துத் தோன்றின. இவை யாவும் பள்ளிப் பாடநூல்களில் காணக்கிடைக்கும் செய்திகளே. பாடநூல்களில் இடம்பெறாத ஒன்று, இவ்வட்டாரத்தின் மாலைப்பொழுது. சங்கு ஊதி வேலை முடிந்ததும் புழுதி பறக்கும் வெளிகளில் பந்து உருண்டது. கிரிக்கெட்டே உலகம் எனக் கருதும் இந்நாட்டில், வடசென்னை தன் உள்ளத்தைக் கால்பந்துக்குக் கொடுத்து வெகுகாலம் ஆகிறது.

அவ்வாட்டத்தில் கோல் போட்டவரின் பெயர் மறுநாள் செய்தித்தாளில் வரும். கோலைத் தடுத்தவரின் பெயரும் சில வேளைகளில் வரும். இவ்விருவருக்கும் நடுவே நின்று, எழுபது அல்லது தொண்ணூறு நிமிடமும் ஓடி, எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்துத் தன் தோழனிடம் சேர்ப்பித்த மனிதரின் பெயர் எப்போதாவதுதான் வரும். பழைய ஆட்டக்காரர்கள் அவரை ‘ஹாஃப்’ என்று அழைத்தனர். இன்று நடுக்கள வீரர் என்கின்றனர். இக்கட்டுரை அவரைப் பற்றியது. அதிலும் உச்சியில் ஒளிர்ந்தவர்களைவிட, லீக் ஏணியின் நடுப்படியிலும் கீழ்ப்படியிலும் வாழ்நாளைச் செலவிட்டவர்களின் பிழைப்பைப் பற்றியது. விளையாட்டின் வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் கோப்பைகளின் வரலாறாக இருக்கிறது. ஆடியவன் எதைக் கொண்டு குடும்பம் நடத்தினான் என்ற வினாவை யாரும் எழுப்புவதில்லை. எனக்கோ அதுவே முதல் வினாவாகத் தோன்றுகிறது.

முதலில் அந்த இடத்தின் இயல்பைச் சற்றே காண்போம். ஆதியில் கால்பந்து அணி என்பது இருவர் பின்னே, மூவர் நடுவே, ஐவர் முன்னே என்ற கணக்கில் நின்றது. ‘ஆஃப்சைடு’ விதி 1925இல் மாற்றப்பட்டது. அதுவரை மூன்று எதிரிகள் முன்னே இருக்கவேண்டும் என்றிருந்தது, இருவர் போதும் என்றாயிற்று. கோல்கள் பெருகின, தற்காப்புக்காக நடு ஹாஃப் பின்னுக்கு இழுக்கப்பட்டார். அன்று முதல் இன்று வரை அணியமைப்பில் எத்தனையோ மாறுதல்கள் நிகழ்ந்தன. ஒவ்வொரு மாறுதலிலும் முதலில் இடம் பெயர்ந்தவர் நடுவரிசைக்காரரே. ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் சாஹிப் பயிற்றுவித்த இந்திய அணி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2–1 என வென்று பொற்பதக்கம் கொண்டது. அவ்வணிகளின் முன்வரிசையை நாடு நினைவில் வைத்திருக்கிறது. மெல்போர்னில் இடப்புற ஹாஃபாக நின்ற நூர் முஹம்மதை ஹைதராபாத்தின் முதியவர்கள் தவிர எத்தனை பேர் அறிவர்?

முஸ்லிம் இல்லங்களில் கால்பந்து என்றதும் நினைவுக்கு வருவது கல்கத்தாவின் முஹம்மடன் ஸ்போர்ட்டிங். 1891இல் தோன்றிய அச்சங்கம் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. 1936இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும், 1940இல் துராந்து கோப்பையையும் வென்றது. துராந்து கோப்பையைக் கைப்பற்றிய முதல் இந்தியச் சங்கம் அதுவே. வெற்றிக்கான காரணங்களில் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். அச்சங்கம் ஒரு நகரத்துப் பிள்ளைகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. நாடெங்கும் ஆள் தேடியது; பெங்களூரிலிருந்தும் வீரர்களை வரவழைத்தது; மழைக்காலச் சேற்றுக்கெனக் காலணி அணியச் செய்தது. ஆட்டக்காரனைத் தேடி அழைத்துவந்து, தங்க இடமும் உணவும் கொடுத்து ஆடவைக்கும் முறை, தொழில்முறை என்ற பெயர் சூடாமலே நம் நாட்டில் அவ்வாறு வேரூன்றியது.

அச்சங்கத்தைச் சேர்ந்த முஹம்மது சலீம் 1936இல் கப்பலேறி ஸ்காட்லாந்து சென்றார். கிளாஸ்கோ நகரின் செல்டிக் சங்கத்தில், பாதத்தில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு இரண்டாம் அணிக்காக இரு ஆட்டங்கள் ஆடினார். அந்நகரத்துச் செய்தித்தாள்கள் வியந்தன. அவர் நிலைத்து நிற்கவில்லை. ஊர் ஏக்கம் மேலிட்டுத் திரும்பிவிட்டார். ஐரோப்பியச் சங்கம் ஒன்றிற்கு ஆடிய முதல் இந்தியர் என்று இன்று போற்றப்படும் அவர் ஆடியது கீழ்நிலை அணியில்தான் என்பது நம் பொருளுக்கு இயைந்த செய்தி. சலீம் பக்கவரிசைக்காரர், நடுவரிசையினர் அல்லர். எனினும் இத்தொழிலின் நிலையாமையை அவர் கதை முன்கூட்டியே காட்டிவிட்டது.

நிற்க. சென்னையில் நடந்ததென்ன?

கல்கத்தாவைப் போல இலட்சக்கணக்கான இரசிகர்களைக் கொண்ட பெருஞ்சங்கங்கள் சென்னையில் எழவில்லை. இங்கே கால்பந்தைத் தாங்கியவை அலுவலகங்கள். துறைமுகப் பொறுப்புக் கழகம், தென்னக இரயில்வே, பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலை, சுங்க இலாகா, வருமான வரித்துறை, கணக்காயர் அலுவலகம், இந்தியன் வங்கி முதலியவற்றின் அணிகளே லீக்கின் மேற்படிகளை நிரப்பின. பேட்டைகளின் சங்கங்கள் சிறுவர்களை வளர்த்தன. அலுவலகங்கள் வளர்ந்தவர்களை எடுத்துக்கொண்டன. இதை ஓர் ஒப்பந்தம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகள் அது ஒப்பந்தம் போலவே நடந்தது.

அதன் நடைமுறை எளியது. பேட்டைச் சங்கத்தில் ஆடும் இளைஞனை அலுவலக அணியின் பயிற்சியாளர் வந்து காண்பார். பொருத்தமானவன் எனில், கலாசியாகவோ கடைநிலை ஊழியனாகவோ எழுத்தராகவோ பணியில் சேர்ப்பார்கள். விளையாட்டுத் தகுதியின் பேரில் மூன்றாம், நான்காம் பிரிவுப் பணிகளில் நேரடியாக ஆள் எடுக்கலாம் என்று மத்திய அரசு 1980 ஆகஸ்டில் முறையாக ஆணையும் பிறப்பித்தது. பெரிய போட்டிகளுக்குச் சென்றால் ஆண்டுக்கு 30 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. முப்பது, முப்பத்தைந்து வயதில் கால்கள் தளரும். ஆட்டம் நிற்கும், வேலை நிற்காது. ஐம்பத்தெட்டு வயது வரை கோப்பு எழுதி, பின் ஓய்வூதியம் பெற்று, மாலையில் அதே மைதானத்தின் ஓரத்தில் நின்று பேரனின் ஆட்டத்தைக் காணலாம்.

இதனை மேலைநாட்டோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். இங்கிலாந்தில் காசு வாங்கி ஆடுவது 1885இலேயே சட்டப்படி ஏற்கப்பட்டது. 1888இல் லீக் தோன்றியது. தொழில்முறையின் தாயகம் அது. அங்கேயும் 1961 வரை வீரர்களுக்கு உச்சவரம்பு ஊதியம் இருந்தது. அவ்வாண்டு அவ்வரம்பு நீக்கப்பட்டபோது அது வாரத்திற்கு 20 பவுன். நான்காம் டிவிஷன் ஆட்டக்காரர்கள் பலர் கோடையில் வேறு கூலி தேடினர். ஆட்டம் முடிந்தபின் கடை வைத்தனர், மதுவிடுதி நடத்தினர். அவர்களுக்கு ஓய்வூதியம் தரும் துறைமுகம் எதுவும் இல்லை. பெருமைக்குரிய தொழில்முறை வீரன் முதுமையில் தவித்த காலத்தில், ‘அமெச்சூர்’ எனப்பட்ட சென்னைக் குமாஸ்தா மாதம் தவறாமல் சம்பளம் வாங்கினான். சொற்கள் நம்மை எவ்வளவு ஏமாற்றுகின்றன!

ஆயினும் இம்முறையைப் பொற்காலம் எனப் பாடி முடித்துவிட நான் ஒப்பமாட்டேன். வேலை கிடைத்தபின் உழைப்புக் குறைந்தவர்கள் உண்டு. அலுவலக அணியில் இடம் பிடிப்பதே இலட்சியமாகிவிட்டதால், அதற்கு அப்பால் ஓர் உலகம் உண்டு என்பதே பலருக்குத் தோன்றவில்லை. 1941இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பையை வங்காளமும் பஞ்சாபும் கேரளமும் கோவாவும் கர்நாடகமும் ஆந்திரமும் மணிப்பூரும் மிசோரமும் வென்றுள்ளன. சென்னை மாகாணமோ தமிழ்நாடோ ஒரு முறையேனும் வென்றதில்லை. இத்தனை ஆட்டக்காரர்களைப் பெற்ற நாட்டுக்கு இது பெருங்குறை. பெண்கள் இக்குறையைத் தீர்த்தார்கள் என்பதை மகிழ்வோடு சொல்லவேண்டும். தேசியப் பெண்கள் பட்டத்தைத் தமிழ்நாட்டு அணி 2018இலும் 2023இலும் வென்றது. ஆடவருக்கு வங்கியும் இரயில்வேயும் இருந்தன. அப்பெண்களில் பெரும்பாலோர்க்கு அவை இல்லை.

திறமை மிக்கவர் சிலர் வரம்பு தாண்டிச் சென்றனர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கெதிராகக் கோல் போட்டவர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை பெற்ற இறுதி கோல் அதுவே. 1997–98 தேசிய லீக்கில் அதிக கோல் போட்டவர் இராமன் விஜயன். அவர் ஆடியதோ கொச்சிச் சங்கத்திற்கு. தஞ்சை தந்த நடுக்கள வீரர் காளியா குலோத்துங்கன், 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் ஆசியான் சங்கக் கோப்பையை வென்ற கிழக்கு வங்க அணியில் இருந்தார். கல்கத்தாவின் பெரிய சங்கங்களில் ஆடிய அவர், வயது ஏறியதும் சிறு அணிகளை நாடி ஊர் ஊராகச் சென்றார். 2018இல் தஞ்சையருகே சாலை விபத்தில் மறைந்தார். மேலே ஏறுவது போலவே கீழே இறங்குவதும் இத்தொழிலின் இயல்பு. ஏறும்போது உடன் வரும் கூட்டம் இறங்கும்போது வருவதில்லை.

சென்னையிலேயே தங்கிப் புகழ் பெற்றவர்களில் தலையாயவர் சையத் சபீர் பாஷா. முன்வரிசை வீரரான இவர் தொண்ணூறுகளில் இந்திய அணிக்கு ஆடினார். இந்தியன் வங்கி அணியோடு அவர் பெயர் பிரிக்கமுடியாதபடி பின்னிப்பிணைந்தது. பின்னர் பயிற்சியாளராகி, சென்னையின் எஃப்.சி. அணிக்குத் துணைப் பயிற்சியாளராகவும், 2022இல் சிறிது காலம் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றார். அலுவலக அணியின் காலத்தையும் ஒப்பந்த அணியின் காலத்தையும் இருபுறமும் நின்று பார்த்த சிலருள் இவர் ஒருவர்.

அலுவலகக் காலம் எப்போது முடிந்தது? ஒரு நாளில் முடியவில்லை. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. நாட்டிலேயே முதலாவது எனப் பெருமை பேசினோம். பெட்டகத்தை எடுப்பது கிரேன். மூட்டை தூக்கும் தோள்கள் வேண்டியதில்லை. 2001இல் அம்முனையம் தனியார் நிறுவனத்திடம் சென்றது. பெரம்பூரின் பக்கிங்காம்-கர்நாடிக் ஆலை, 1921 வேலைநிறுத்தத்தால் வரலாற்றில் இடம்பெற்றது, 1996இல் மூடப்பட்டது. இந்தியன் வங்கி 1995–96இல் ஏறத்தாழ 1336 கோடி ரூபாய் நட்டம் கண்டது. 2000–01இல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டத்தை நடத்தியபோது நாடெங்கும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். இவற்றைச் செய்தித்தாளில் பொருளாதாரப் பக்கத்தில் படித்தோம். விளையாட்டுப் பக்கத்திலும் படித்திருக்கவேண்டும். ஆள் எடுப்பது நின்ற அலுவலகத்தில், பதினெட்டு வயது ஹாஃபை மட்டும் எங்ஙனம் எடுப்பர்? அணிகள் கலையவில்லை, மூப்படைந்தன. பெயர் இருந்தது, புதுக் கால்கள் வருவது அருகியது.

இதே வேளையில் டில்லியிலும் பம்பாயிலும் வேறொரு பேச்சு எழுந்தது. தேசிய லீக் 1996இல் தொடங்கியது. 2007இல் அது ஐ-லீக் என உருமாறியது. அலுவலக அணிகள் பழமை, தொழில்முறைச் சங்கங்களே எதிர்காலம் என்றனர். கருத்தில் பிழையில்லை. நடந்ததைப் பாருங்கள். 1997இல் பெரும் ஆரவாரத்தோடு தோன்றிய கொச்சிச் சங்கம் சில ஆண்டுகளில் மறைந்தது. மஹிந்திரா யுனைடெட் 2010இல் கலைக்கப்பட்டது. முதல் தேசிய லீக் பட்டத்தை வென்ற ஜே.சி.டி. 2011இல் மூடப்பட்டது. புனே எஃப்.சி. 2015இல் கடையைக் கட்டியது. சங்கம் மூடும்போது அதன் நட்சத்திரங்களுக்கு வேறு சங்கம் கிடைக்கும். இருபத்தெட்டு வயதான, மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருந்த நடுக்கள வீரருக்கு என்ன கிடைக்கும்? வங்கி வேலைக்கு வயது கடந்துவிட்டது. கல்லூரியைப் பந்துக்காக விட்டாயிற்று.

இப்போது வியாசர்பாடிக்கு வருவோம். துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் உழைப்பாளிகளைத் தந்த குடியிருப்புகள் நிறைந்த பேட்டை அது. செய்தியாளர்கள் அதனைக் குட்டி பிரேசில் என்பர். அப்பட்டத்தை நான் அதிகம் விரும்புவதில்லை, ஏனெனில் பிரேசிலின் பெயர் சொல்லாமலும் அவ்வூருக்குப் பெருமை உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில் உமாபதி, தங்கராஜ் என்னும் உடன்பிறந்தார் இருவர், குடிசைப் பகுதிச் சிறுவர் சிறுமியரைத் திரட்டி முல்லை நகர் மைதானத்தில் பயிற்சி தரத் தொடங்கினர். பந்தோடு பள்ளிப் படிப்பும் கட்டாயம் என வைத்தனர். மாலையில் ஆட்டம், ஆட்டத்தின் பின் பாடம். பிள்ளை தெருவில் திரியாமல் இருந்தால் போதும் என அனுப்பிய தாய்மார்களே பின்னாளில் மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்றார்கள்.

அங்கிருந்து வந்தவர் தனபால் கணேஷ், பிறந்தது 1994. தற்காப்பு நடுக்கள வீரர். நம் கட்டுரையின் நாயகன் என ஒருவரைச் சொல்லவேண்டுமெனில் அவரையே சொல்வேன். புனே எஃப்.சி.யில் ஐ-லீக் ஆடினார். அச்சங்கம் மறைந்த கதையை மேலே சொன்னேன். 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்.சி. அவரை ஏற்றது. 2018 மார்ச் 13 அன்று நேரு விளையாட்டரங்கில் கோவாவுக்கெதிரான அரையிறுதியின் இரண்டாம் சுற்று. முதல் சுற்று 1–1 எனச் சமமாகியிருந்தது. ஜெஜே ஒரு கோல் போட்டார்; மூன்று நிமிடம் கழித்து கணேஷ் தலையால் முட்டி இரண்டாவதைப் போட்டார். ஜெஜே மீண்டும் ஒன்று சேர்க்க, ஆட்டம் 3–0. நான்கு நாள் கழித்து பெங்களூரில் 3–2 என வென்று அணி பட்டம் சூடியது. வியாசர்பாடிக்கும் அவ்வரங்கத்துக்கும் மூன்று கல் தொலைவுதான் இருக்கும். அம்மூன்று கல்லைக் கடக்க வடசென்னைக்கு எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தக் கோலின் எடை தெரியும்.

அடுத்த பருவத்தில் என்ன நேர்ந்தது? முழங்கால் காயம். அறுவை மருத்துவமும் ஓய்வுமாக 2018–19 பருவத்தின் பெரும்பகுதியை அவர் இழந்தார். பட்டம் வென்ற அதே அணி அப்பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் பெற்றுக் கடைசி இடத்தில் முடிந்தது. ஒருவர் இல்லாமையே முழுக் காரணம் என்பது மிகை. பலருக்குக் காயம், பலரின் ஆட்டமும் தளர்ந்தது. ஆயினும் நடுவரிசைக்காரரின் மதிப்பை அவர் ஆடும்போது எவரும் அளப்பதில்லை, இல்லாதபோதுதான் அளக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முழங்காலின் உள்ளே இருக்கும் தசைநாண்கள் ஓட்டத்தின் நடுவே திடீரெனத் திரும்பும்போது அறுபடுகின்றன. ஆட்டத்தின் ஒவ்வொரு நிமிடமும் திரும்பித் திரும்பி ஓடவேண்டியவர் நடுக்கள வீரர். பெரிய காயம் எனில் மீண்டு வர ஆறு முதல் ஒன்பது மாதம், சில வேளை ஓராண்டு. பழைய நாளில் இக்காயம் பட்ட ஹாஃப், ஆட்டத்தை விட்டு மேசைக்குத் திரும்பினார். ஒப்பந்த வீரருக்கு மேசை இல்லை.

2018–19இலேயே மற்றொரு வியப்பும் நடந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. என்னும் அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஐ-லீக்கில் நேரடி இடம் பெற்று 2016–17இல் நுழைந்த அணி. நகரின் பெயர் தாங்கினாலும் கோயம்புத்தூரில் ஆடிய அணி. பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3–1 என வென்று 43 புள்ளிகளோடு முடித்தது. ஒரே புள்ளியில் பின்தங்கியது கிழக்கு வங்கம். அவ்வணியின் நடுவரிசையில் ஓடியவர்களுள் ஒருவர் எட்வின் சிட்னி வான்ஸ்பால். தேவைப்பட்டால் வலப்புறப் பின்காவலாகவும் நிற்பார். இப்படி இடம் மாறி நிற்பவர்களைப் பயிற்சியாளர்கள் விரும்புவர்; இரசிகர்கள் கவனிப்பதில்லை. பட்டத்துக்குப் பின் அவர் சென்னையின் எஃப்.சி.க்குச் சென்றார். சுவிட்சர்லாந்தின் பாசெல் சங்கம் சென்னை சிட்டியில் பங்கு வாங்கியது என்ற செய்தி 2019இல் வந்தபோது, தமிழகக் கால்பந்துக்கு விடிந்துவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. 2020–21 பருவத்திற்குப் பின் ஐ-லீக்கில் அவ்வணியின் பெயரே இல்லை. பட்டம் வென்று இரண்டே ஆண்டுகள்!

அதே சங்கத்தில் ஆடி வெளியே சென்றவர் நந்தகுமார் சேகர். சென்னை லீக்கின் இந்துஸ்தான் ஈகிள்ஸ் அணியில் தொடங்கியவர், பக்கவரிசையில் விரைபவர். ஒடிசா அணியில் ஆடி 2023இல் கிழக்கு வங்கத்தை அடைந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 12 அன்று துராந்து கோப்பையில் மோகன் பகானுக்கெதிராக அவர் போட்ட ஒரே கோலால் கிழக்கு வங்கம் வென்றது. நான்காண்டுகளுக்கும் மேலாகப் பகானை வெல்ல இயலாமல் தவித்த அணிக்கு அது பெரும் ஆறுதல். 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையின் இறுதியாட்டத்திலும் கோல் போட்டார். சென்னைப் பிள்ளை ஒருவனின் பெயரைக் கல்கத்தா அரங்கம் கூவியழைத்தது. முஹம்மடன் ஸ்போர்ட்டிங் தென்னகத்திலிருந்து ஆள் அழைத்த காலத்திற்கும் இதற்கும் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு இடைவெளி. ஆள் போகும் திசை மாறவில்லை.

அந்த முஹம்மடன் ஸ்போர்ட்டிங்கும் கீழ் லீக்குகளின் கசப்பை நன்கறிந்தது. பெரும்புகழ் கண்ட அச்சங்கம் நெடுங்காலம் இரண்டாம் டிவிஷனில் உழன்றது. நாற்பதாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2021இல் கல்கத்தா லீக்கை வென்றது. 2023–24இல் ஐ-லீக் பட்டம் பெற்று மேல் லீக்கிற்கு ஏறியது. அங்கே முதல் பருவத்திலேயே கடைசி இடம் கண்டது. இதற்கிடையே 2025 ஜூலையில், அமைப்பாளர்களுக்கும் கூட்டமைப்புக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் முடிவுறும் நிலையில், இந்தியன் சூப்பர் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. நாட்டின் உச்சப் போட்டி நடக்குமா என்பதே ஐயமாகி, நூற்றுக்கணக்கான வீரர்கள் பல மாதம் காத்திருந்தனர். உச்சியிலேயே இந்நிலை எனில் கீழ்ப்படியில் இருப்போர் யாரிடம் கேட்பது?

இவை அனைத்தையும் எண்ணிப் பார்க்கையில், பழைய அலுவலக முறையை ஏளனம் செய்தவர்களோடு உடன்பட என்னால் இயலவில்லை. தொழில்முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணேஷைப் போல், நந்தகுமாரைப் போல் ஒருவர் நாடறிய எழுந்ததற்குப் புதிய லீக்குகளே வழி செய்தன. அலுவலக அணியில் இருந்திருந்தால் அவர்களைச் சென்னைக்கு வெளியே அறிந்திருக்கமாட்டார்கள். சம்பளமும் அன்றைய கலாசி கனவிலும் காணாதது. ஆனால் அலுவலகம், ஆட்டக்காரனின் அறுபதாண்டு வாழ்வைக் கணக்கில் வைத்தது. சங்கமோ அவனுடைய இரண்டு பருவங்களைக் கணக்கில் வைக்கிறது. முன்னதில் சிறகு இல்லை, பின்னதில் கூடு இல்லை. இரண்டையும் இணைத்த நாடுகளும் உண்டு. ஜப்பானில் 1993இல் தொழில்முறை லீக் தொடங்கியபோது அதற்கு அடித்தளமாக நின்றவை அந்நாட்டுத் தொழிற்சாலைகளின் பழைய அணிகளே. மிட்சுபிஷியின் அணி உராவா ரெட்ஸ் ஆயிற்று. நிசானின் அணி யோகோஹாமா மாரினோஸ் ஆயிற்று. ஆலை அணியை அழிக்காமல் நகர அணியாக வளர்த்தார்கள். எண்ணூரும் பெரம்பூரும் அத்தகைய ஒரு வாய்ப்பை வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.

நம் குடும்பங்களில் மகன் பந்தோடு திரிந்தால் தந்தை அதட்டுவது வழக்கம். மண்ணடியில் கடை வைத்திருப்பவர் எனில் ‘கடைக்கு வா’ என்பார். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் எனில் முன்னொரு காலத்தில் ‘ஆடு, போர்ட்டில் வேலை வாங்கலாம்’ என்று சொல்லக்கூடும். அந்த இரண்டாவது விடை இன்று தந்தையரிடம் இல்லை. அதற்கு மாற்றாகத் தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு வந்துள்ளது. பலர் அதனால் பணி பெற்றும் உள்ளனர். வரவேற்கத்தக்க ஏற்பாடு. எனினும் அங்கே எடைபோடப்படுவது தேசிய, பன்னாட்டுப் போட்டிகளில் பெற்ற தகுதியே. ஓட்டப்பந்தய வீரனுக்கும் சதுரங்க வீரனுக்கும் காட்டுவதற்குப் பதக்கம் உண்டு. பத்தாண்டுகள் சென்னை முதல் டிவிஷனில் நடுவே நின்று, கோலும் போடாமல், மாநில அணியிலும் இடம் பெறாமல், மற்றவர் கோல் போடப் பந்து தந்த ஒருவன் எந்தச் சான்றிதழை நீட்டுவான்?

முல்லை நகர் மைதானத்தில் மாலைதோறும் பயிற்சி நடக்கிறது. சிறுவர்களை வரிசையில் நிறுத்தி எந்த இடத்தில் ஆட விருப்பம் என்று கேட்டால், பெரும்பாலோர் முன்வரிசை என்பார்கள். நடுவே யாரை நிறுத்துவது என்பதைப் பயிற்சியாளர்தான் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது.